ஒடுகத்தூர் ஜெராக்ஸ் கடை: காலேஜ் அப்ளிகேஷன் போட நம்பிப் போகலாம்

நான் வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பு எடுக்கிற ஆசிரியர். ஆறு வருடமாக மே, ஜூன் மாதங்களில் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கடைக்குத்தான் போகிறேன், அதனால் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை இது. ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

கடை பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பலகையில் 'ஜெராக்ஸ், நெட்' என்று மட்டும் இருக்கும். உள்ளே மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், மூன்று ஸ்டூல். நான்காவதாக ஓரத்தில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, மூடியில் அரசு முத்திரை போட்டது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கடைக்கார அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது அது. பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும், ஆனாலும் ஸ்கேன் எடுப்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார். தொழிலை அதை வைத்துத்தான் ஆரம்பித்தாராம், வீட்டுத் திண்ணையில். எனக்கு அந்த லேப்டாப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும், ஒரு திட்டம் ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்து இவ்வளவு தூரம் பயன் கொடுத்திருக்கிறதே என்று.

சரி, காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஏன் ஒரு கடையை நம்ப வேண்டும் என்று வேலூர் டவுனில் இருப்பவர்கள் கேட்கலாம். 2017 வரை இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு, சென்னைக்கு, நேரில்தான் போக வேண்டும். அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி, கிண்டியில் இறங்கி, வெயிலில் நின்று வந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். அரசு கலைக் கல்லூரிகளுக்கும் 2020-லிருந்து ஆன்லைன் விண்ணப்பம் வந்துவிட்டது. பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம், இதை நான் குறை சொல்லவே மாட்டேன், நல்ல மாற்றம். ஆனால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், நிற்காத நெட், ஆதாரோடு இணைந்த ஒரு செல் நம்பர், பணம் கட்ட ஒரு பேங்க் ஆப், இவ்வளவும் இருக்கிற பிள்ளையை மனதில் வைத்துத்தான் அந்த ஆன்லைன் முறை போடப்பட்டிருக்கிறது. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகளிலிருந்து மலை இறங்கி வருகிற என் பிள்ளைகளுக்கு இதில் ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது. 2024 ஜூலையில் பெரிய தனியார் செல்போன் கம்பெனிகள் எல்லாம் ரீசார்ஜ் விலையை ஏற்றிய பிறகு, வீட்டில் இரண்டு போன் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் டேட்டா போடுகிறார்கள், அந்த ஒன்றும் வேலைக்குப் போகிற அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019-ல் மாநிலம் முழுக்க 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு என்று கொண்டுவந்த திட்டம், எங்களுக்கும் வந்தது, நல்ல கம்ப்யூட்டர்கள். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். அப்ளிகேஷன் போடுகிற நாட்களும் மே, ஜூன். மே முழுக்கப் பள்ளி லீவு. வருடம் முழுக்க வினாடி வினாவுக்கும் தேர்வுக்கும் ஓடுகிற லேப், பிள்ளைக்கு வாழ்க்கையிலேயே மிகவும் தேவைப்படுகிற அந்த நாலு வாரம் பூட்டிக் கிடக்கும். அனுமதி கேட்டுத் திறந்த வருடமும் உண்டு, திறந்த அன்றைக்கு நெட் இல்லை. 2019-லேயே கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி மாணவி போட்ட வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் வேலையும் நடக்கிறது. கேபிள் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்தாலும் அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தர ஒரு ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் இந்த அக்காதான்.

கடையின் பெரிய பலம் பொறுமை. போன வருடம் ஒரு பையன் வந்தான், மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடிச் சமூகம், வீட்டில் முதல் ஆளாக பிளஸ் டூ முடித்தவன். ஆதார் ஓடிபி அப்பா நம்பருக்குப் போகிறது, அப்பா திருப்பூரில் கட்டட வேலையில். போன் போட்டால் எடுக்கவில்லை, சாரத்தில் ஏறி நிற்கிற மனிதர் எப்படி எடுப்பார். ஓடிபி காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்ப வேண்டும், நாலைந்து தடவை தப்பினால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். மற்ற கடைகளில் "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பியிருப்பார்கள், நாளைக்கு வருவதென்றால் அந்தப் பையன் மறுபடி மலை இறங்க வேண்டும். அக்கா மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தார். ஒரு மணிக்கு அப்பா எடுத்தார், "அண்ணா, இப்ப ஒரு நம்பர் வரும், கட் பண்ணாம அப்படியே படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பக்கத்தில் இருந்த மேஸ்திரி வாங்கிப் படித்துச் சொன்னார். வேலை முடிந்தது. அந்தப் பையன் இன்றைக்கு வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறான்.

இன்னொன்று, பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. அகில இந்தியப் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கும்போது பிள்ளைகள் முழிப்பார்கள். அக்கா கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் மூன்று தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் அன்றைக்கு விண்ணப்பம் போட மாட்டார், முதலில் திருத்தச் சொல்வார். பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தாரிடம் இல்லை, கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் ஜனவரியிலேயே என்னிடம், "சார், சான்றிதழ் இல்லாத பசங்க லிஸ்டு குடுங்க, இப்பவே போட்டுடலாம்" என்று கேட்டு வாங்குகிறார். இது அவருடைய வேலை இல்லை. எங்கள் வேலை.

விலை நியாயம். ஜெராக்ஸ் 2 ரூபாய், பிரிண்ட் 5 ரூபாய், விண்ணப்பம் முழுக்க நிரப்பி, ஸ்கேன் செய்து, போட்டோவை அவர்கள் கேட்கும் அளவுக்குக் குறைத்து ஏற்றித் தர 80 ரூபாய். இதே வேலைக்கு 300 ரூபாய் வரை வாங்குகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பக் கட்டணமே மொத்தம் 50 ரூபாய்தான், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். இன்ஜினியரிங்குக்கு 500, எஸ்சி, எஸ்டிக்கு 250. பிள்ளைகளுக்கு இந்தத் தொகை தெரியாது என்பதால் ஏமாறுகிறார்கள், எல்லோரும் தெரிந்துகொண்டு போங்கள். பணத்தை அக்கா தன் கணக்கிலிருந்து கட்டிவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வார், அதற்குத் தனியாக எதுவும் கேட்பதில்லை. ஒரு தடவை இரண்டு முறை பணம் போய், பத்து நாள் கழித்து ஒன்று திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவைச் சந்தையில் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்தார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இரண்டு வருடம் முன்பு என் மாணவி ஒருத்தி வேறொரு கடையில் இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்டாள். அவளிடம் போன் இல்லை என்பதால் கடைக்காரர் தன்னுடைய செல் நம்பரையும் தன்னுடைய மெயிலையும் போட்டுவிட்டார். இப்படி நூறு பிள்ளைக்கு ஒரே ஆள் நம்பர். தற்காலிக ஒதுக்கீடு வந்தால் அதை உறுதி செய்ய இரண்டே நாள்தான் தருவார்கள். அவளுக்கு நல்ல இடம் வந்தது, குறுஞ்செய்தி அந்தக் கடைக்காரர் போனில் நூறோடு நூறாகக் கிடந்தது. அவள் மூன்றாம் நாள் மலை இறங்கி வந்து கேட்டபோது முடிந்துவிட்டது. நல்ல கட் ஆஃப் அவளுக்கு, கணக்கில் என் வகுப்பிலேயே முதல். என்னிடம் அழவில்லை, "பரவாயில்ல சார்" என்றாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் அப்போதே கூடப் போயிருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இங்கே பிள்ளையின் சொந்த நம்பர், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் நம்பர், இல்லாமல் விண்ணப்பமே போட மாட்டார்கள். மெயிலை அங்கேயே பிள்ளையின் பெயரில் திறந்து, பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். கவுன்சிலிங் தேதிகளைச் சுவரில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருப்பார்கள், போனும் போடுவார்கள்.

அந்த அரை மதிப்பெண் குறைந்ததும் இங்கேதான். அட்டையில் எழுதிக் கொடுக்கிற அதே பாஸ்வேர்டை அக்கா ஒரு நீள நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்கிறார். பெயர், ஆதார் எண், மெயில், பாஸ்வேர்டு எல்லாம் ஒரே வரியில். அந்த நோட்டு மேசை மேலேயே கிடக்கிறது. பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-ல் மத்திய அரசு போட்ட விதிகள் உண்டு, வருகிறவர்களின் அடையாளத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதி ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும், தடுப்பு வைத்தால் நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம். அதை இவர் ஒழுங்காகச் செய்கிறார், தடுப்பே இல்லை, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் உட்காரலாம். ஆனால் யார் வந்தார் என்று எழுதுவது வேறு, பாஸ்வேர்டை எழுதுவது வேறு. நான் சொன்னேன். "இன்னா சார், அட்டைய தொலைச்சிட்டு கடைசி நாள் வந்து நிக்கறானே, அவன நான் திருப்பி அனுப்பவா?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நோட்டு பூட்டி வைக்கப்பட வேண்டும், சேர்க்கை முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டும். அக்கா இதைப் படித்தால் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள்.

நெட் பற்றி. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் லைன் ஒன்று, அது நின்றால் செல்போன் ஹாட்ஸ்பாட். மலையடிவாரம் என்பதால் குரங்குகள் கேபிளைக் கடித்துவிடும், மாதம் ஒருமுறையாவது நடக்கும். ஹாட்ஸ்பாட்டில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். கடைசித் தேதி நெருங்கும்போது பகலில் தளமே திறக்காது என்பதால் அக்கா விடியற்காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்து முந்தின நாள் நிரப்பி வைத்ததையெல்லாம் ஏற்றுவார். ஒரு யோசனையும் இருக்கிறது எனக்கு. 2020 டிசம்பரில் கொண்டுவந்த பிஎம்-வாணி திட்டத்தில் இந்த மாதிரிச் சின்னக் கடைகளே லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை விற்கலாம். நெட் கம்பெனிகள் இவர்களிடம் லைனுக்குக் கூடுதலாகக் கேட்டதுதான் தடையாக இருந்தது, 2025-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த விலைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது, வீட்டு பிராட்பேண்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று. பத்து ரூபாய்க்கு வைஃபை கிடைத்தால் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்தே பாடமும் பார்ப்பார்கள். அக்கா விசாரிக்கிறேன் என்றிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, அன்றைக்குக் கடைக்குள் கால் வைக்க முடியாது, வேறு நாள் பாருங்கள். உட்கார இடம் குறைவு, கழிப்பறை இல்லை, தூரத்திலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் பேருந்து நிலையத்திலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள். பத்தாவது, பதினொன்றாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டிசி, சாதி, வருமானச் சான்றிதழ், வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் எடுத்து வாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும், அதை லீவுக்கு முன்பே பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆதார் நம்பர் யார் போனோடு சேர்ந்திருக்கிறதோ அவரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள், பகல் ஒரு மணிக்குப் போனைக் கையில் வைத்திருக்கும்படி.