கிளவுட் சர்வரில் டாலி: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொத்த விற்பனைக் கடையும் புதுச்சேரியில் ஒரு கிளையுமாக மின்சாதனப் பொருள் வணிகம் செய்துவரும் எங்கள் கூட்டு நிறுவனம், உள்ளூர் மென்பொருள் விற்பனையாளர் ஒருவரிடம் கிளவுட் சர்வர் சேவையைச் சந்தாவுக்கு எடுத்து ஓராண்டுக்கு மேலாகிறது. டாலி என்ற கணக்கு மென்பொருளின் உரிமம் எங்களுடையது. அது இயங்கும் சர்வர் மட்டும் வெளியூரில் உள்ள தரவு மையத்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டது.

இச்சேவையின் பெரும்பயன் எல்லையில்தான் தெரிகிறது. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்பதிலிருந்து 34 ஆக மாறிவிடுகிறது. ஒரே பான் எண்ணில் இருந்தாலும் இரு பதிவுகளும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு நபர்கள் என்பதால், நம்முடைய குடோனிலிருந்து நம்முடைய கிளைக்கே சரக்கு அனுப்பினாலும் மாநிலங்களுக்கிடையிலான ஐஜிஎஸ்டி வரி போட்டு வரி விலைப்பட்டியல் எழுத வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். முன்பு மாலையில் கிளையிலிருந்து கோப்பு வந்து சேர்ந்த பிறகே இரு பக்கத்து இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடிந்தது. டாலியின் புதிய தலைமுறையான டாலிபிரைமில் 3.0 பதிப்பு முதல் இரண்டு ஜிஎஸ்டி பதிவுகளையும் ஒரே நிறுவனக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு இப்போது இரு ஊருக்கும் பொதுவான சர்வரில் இருப்பதால், ஒப்பந்தக்காரர் வந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் காயில் கேட்கும்போது, கடலூர் குடோனில் எத்தனை உள்ளன என்பதைப் புதுச்சேரி ஊழியரே திரையில் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறார். ஆடிட்டரும் தம் அலுவலகத்திலிருந்தே கணக்கைத் திறந்து பார்க்கிறார்.

வேகம் பற்றிய அச்சம் தேவையில்லை. கணக்கீடு முழுவதும் சர்வரிலேயே நடக்கிறது; நம்மிடம் வந்து போவது திரையின் படமும் விசைத் தட்டல்களும் மட்டுமே என்பதால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே போதுமானதாக இருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் பாதியில் நின்ற பில் சர்வரில் அப்படியே காத்திருக்கும். அச்சிடுவதுதான் தொல்லை: கடையிலுள்ள பிரிண்டருக்குப் பில் வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

2011 தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஃபெஞ்சல் புயலின் மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையைப் பாடாய்ப் படுத்தியதையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, கணக்கு கடைக்குள் இல்லை என்பதே ஒரு நிம்மதி. ஆனால் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்த நாள்களில் அந்தச் சர்வரை எட்டவும் வழியில்லை. அன்றைக்குக் கைப்பில் புத்தகமே துணை. வெள்ளத்திலிருந்து ஏடு பிழைக்கும், வியாபாரம் பிழைக்காது.

விற்பனையாளரின் விளம்பரம் சொல்வதற்கும் அவர் தருவதற்கும் இடைவெளி உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறையில், சேவையை வேண்டியபோது நாமே கூட்டிக் குறைத்துக்கொள்வதும் பயன்பாடு அளந்து கணக்கிடப்படுவதும் மேகக் கணிமையின், அதாவது கிளவுட்டின், அடிப்படைப் பண்புகளாகக் கூறப்பட்டுள்ளன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் மணிக்கணக்கிலும் நொடிக்கணக்கிலும் சர்வரை வாடகைக்குத் தருகின்றன. எங்கள் விற்பனையாளரோ தலைக்கு இவ்வளவு என்று ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார். தீபாவளிக் கூட்டத்துக்காக ஒரு பயனாளரைச் சேர்க்க வேண்டுமென்றால் தொலைபேசியில் கேட்டு, முழு ஆண்டுக்கும் பணம் கட்ட வேண்டும். சந்தாவின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது ஓரளவு ஆறுதல்.

பாதுகாப்பில் கண்டிப்பு வேண்டும். வெளியிலிருந்து சர்வரின் திரையை இயக்க உதவும் தொலைதிரை (ரிமோட் டெஸ்க்டாப்) இணைப்பின் வாசலை இணையத்தில் திறந்தபடி விடுவது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிப்பவர்கள் நுழையும் பழகிய வழிகளில் ஒன்று. கடவுச்சொல்லோடு ஓடிபி சரிபார்ப்பையும் நாங்கள் வற்புறுத்திய பிறகே விற்பனையாளர் இயக்கித் தந்தார். ஒப்பந்தத்தில், சேவையை விட்டு விலகினால் தரவு எத்தனை நாளுக்குள் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்துவைக்க வேண்டியவர் வணிகரே தவிர விற்பனையாளர் அல்லர். ஆகவே வாரந்தோறும் பேக்கப் கோப்பை இறக்கி, கடைக்கு வெளியே ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்கிறோம்.

ஒரே கடை, ஒரே கணினி என்று நடத்துபவருக்கு இந்தச் செலவு வீண். ஒழுங்கான பேக்கப் போதும். இரு மாநிலப் பதிவு வைத்திருப்பவர் தயங்காமல் எடுக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்த பிறகு. நாங்கள் புதுப்பிக்கும்போது, தரவைத் திரும்பத் தருவதற்கான விதியை எழுத்தில் சேர்க்க வேண்டும், தீபாவளிக்கான கூடுதல் பயனாளருக்கு மாதக் கணக்கில் கட்டணம் வாங்க வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறோம். முதலாவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார், இரண்டாவதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.