கிராக்மீயா, பழைய பேட்ச்சா, ஃபஸ்ஸரா? வேலூரில் உட்கார்ந்து பைனரி படிக்க ஒரு ஒப்பீடு

"அண்ணா, கிட்ராவா, ஐடாவா?" பாகாயத்திலும் காட்பாடியிலும் படிக்கிற பசங்க ரிவர்ஸ் இன்ஜினியரிங் (கம்பைல் ஆன புரோகிராமைப் பிரித்து, அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்பது) என்று பேச்செடுத்ததும் கேட்பது இதைத்தான். இரண்டும் பைனரியை, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவில் இருக்கும் புரோகிராமை, படிக்க உதவும் கருவிகள். அதற்குக் கடைசியில் ஒரு பத்தி போதும். அந்தக் கருவியில் எதைத் திறந்து வைத்துப் படிக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். கிராக்மீ புதிர்கள் ஒரு வழி. யாரோ கண்டுபிடித்து, கம்பெனியும் பேட்ச் (திருத்தம்) போட்டுச் சரிசெய்துவிட்ட பழைய பாதுகாப்பு ஓட்டைகளைத் திரும்பத் தோண்டிப் பார்ப்பது இன்னொரு வழி. மூன்றாவது ஃபஸ்ஸிங், அதாவது தாறுமாறான உள்ளீடு கொடுத்து புரோகிராமை விழவைத்துப் பார்ப்பது.

கிராக்மீ என்பது பாஸ்வேர்டு கேட்கும் குட்டி புரோகிராம். அதைப் பிரித்து, சரியான விடை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிராக்மீஸ்.ஒன் தளத்தில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அசெம்ப்ளியில் (பிராசஸரின் கட்டளை மொழியில்) ஒரு 'இஃப்' எப்படி இருக்கும், லூப் எப்படித் திரும்பும், ஓடும் புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஜிடிபியில் ஒவ்வொரு அடியாக எப்படி நடப்பது என்பதெல்லாம் கைக்கு வர இதைவிட வேகமான வழி கிடையாது. பிசிஏவில் சி படித்தபோது பாயின்டரைக் கண்டு ஓடியவர்களுக்குக்கூட இங்கே அது பழகிவிடும்.

ஆனால் கிராக்மீயில் நாம் தேடுவது, புரோகிராமில் எங்கோ இருக்கிற ஒரு சோதனையை. பாதுகாப்பு ஓட்டையில் தேட வேண்டியது, இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போன சோதனையை. கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பயிற்சி. வருஷக்கணக்கில் கிராக்மீ உடைத்துக் கில்லாடியானவர், ஒரு நிஜ சாஃப்ட்வேரைக் கொடுத்தால் எங்கே கைவைப்பது என்று திகைப்பது இதனால்தான். சில வாரம் விளையாடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி நடத்தும் 'பவுன் காலேஜ்' என்ற இணையப் பயிற்சித் தளம் இரண்டுக்கும் நடுவில் நல்ல பாலம். இலவசம்தான். அங்கே ஓட்டையையே வைத்துக் கொடுக்கிறார்கள்.

என் கட்சி இரண்டாவது வழி. உதாரணத்துக்கு ஹார்ட்பிளீட். 2014 ஏப்ரலில் வெளியே வந்தது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் சாஃப்ட்வேரில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்த ஓட்டை, 1.0.1ஜி-யில் அடைக்கப்பட்டது. "நான் இத்தனை பைட் அனுப்புகிறேன், அதையே திருப்பி அனுப்பு" என்று எதிர்ப்பக்கம் சொல்லும். உண்மையில் அத்தனை பைட் வந்ததா என்று பார்க்காமல், சொன்ன நீளத்துக்கு மெமரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டது சர்வர். ஒரு தடவைக்கு 64 கேபி வரை, பிரைவேட் கீ, பாஸ்வேர்டு எது அந்தப் பக்கத்தில் கிடந்தாலும் போய்விடும்.

இப்போது எஃப்-ஐயும் ஜி-யையும் ஒரே மாதிரி கம்பைல் செய்து, பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மாறியிருக்கும் ஃபங்ஷன்கள் கொஞ்சம்தான். அந்தத் திருப்பி அனுப்பும் வேலையை (அதன் பெயர் ஹார்ட்பீட்) கையாளும் ஃபங்ஷனில், மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பிக்கு முன்னால் பழையதில் இல்லாத ஒரு ஒப்பிடுதலும் ஒரு தாவலும் புதிதாக முளைத்திருக்கும். இல்லாத சோதனை எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. நீங்கள் படித்தது சரியா என்று பார்க்க சோர்ஸ் கோடும் கையில் இருக்கிறது, அதாவது வாத்தியார் இல்லாமலே விடைத்தாள் திருத்திக்கொள்ளலாம். நம் ஊர் நிலைமைக்கு இது பெரிய விஷயம்.

இதையே மைக்ரோசாஃப்ட் பேட்ச்சில் செய்பவர்கள் உண்டு. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வருகிற அப்டேட், நமக்கு ராத்திரி பத்தரை பதினொன்றரைக்குத்தான் வந்து சேரும். பின்டிஃப், டயஃபோரா போன்ற இலவசக் கருவிகள் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் ஃபங்ஷன் வாரியாகப் பொருத்திக் காட்டும். தாக்குபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பேட்ச் வந்தும் அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது: மார்ச்சில் எம்எஸ்17-010 பேட்ச், மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை. ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒரே மூட்டையாக வரும், சம்பந்தமில்லாத மாற்றங்கள் நிறைய. ஆரம்பத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

அதற்குப் பதில் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரூட்டர். தயாரித்த கம்பெனியின் தளத்தில் பழைய ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் சாஃப்ட்வேர்), புதிய ஃபர்ம்வேர் இரண்டும் பல சமயம் கிடைக்கும். பின்வாக் என்ற கருவி கொண்டு பிரித்தால், உள்ளே பெரும்பாலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வடிவில் சுருட்டி வைத்த ஒரு குட்டி லினக்ஸ். பின்வாக்கை எழுதிய கிரெய்க் ஹெஃப்னர்தான் 2013-இல் டி-லிங்க் ரூட்டர் சிலவற்றில் ஒரு வாசலைக் காட்டினார். பிரவுசரின் பெயராக ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவையை அனுப்பினால் பாஸ்வேர்டே கேட்காது. அந்தக் கோவையைப் பின்னாலிருந்து படித்தால் ஜோயல் என்று ஒரு பெயரும், கூடவே 'பேக்டோர்' என்ற சொல்லும் வரும்! அவர் செய்தது ஃபர்ம்வேரை இறக்கி, பிரித்து, வெப் சர்வர் பைனரியைப் படித்தது. காசு செலவில்லை.

ஃபஸ்ஸிங் பக்கம் வருவோம். கண்டபடி மாற்றிய உள்ளீடுகளைத் தொடர்ந்து ஊட்டி, புரோகிராம் எப்போது விழுகிறது என்று பார்ப்பது. 2013-இல் மிஹல் ஸலெவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் என்ற ஃபஸ்ஸர், எந்த உள்ளீடு புதிய பாதையைத் திறக்கிறது என்று கவனித்து அதையே மேலும் கிளறியது. இன்று அதன் வாரிசு ஏஎஃப்எல்++. நிஜ ஓட்டைகளை எண்ணிக்கையில் அள்ளுவது இதுதான், சந்தேகமில்லை. கற்றுக்கொடுப்பதில் மூன்றாவது இடம். விழுந்தது ஏன் என்று அது சொல்லாது, அதற்குப் பைனரி படிக்கத்தான் வேண்டும். ஹார்ட்பிளீட்டில் புரோகிராம் பெரும்பாலும் விழவே விழாது. மெமரி அத்துமீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்தால்தான் ஏஎஃப்எல் அதைப் பிடிக்கும் என்று ஹன்னோ பெக் 2015-இல் காட்டினார். சோர்ஸ் இல்லாத பைனரி என்றால் கியூஇஎம்யு என்ற எமுலேட்டர் வழியாக ஓட்ட வேண்டும், வேகம் நன்றாகவே குறையும். அப்புறம் வேலூர் மே மாதம். நாள் முழுக்க நூறு சதவீதம் சுழலும் பிராசஸரை மொட்டை மாடிக்குக் கீழ் ரூமில் வைத்தால் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வசதி இருக்கிறது, அது ஆறுதல். இரண்டாவது வழியில் சில மாதம் போனபிறகு ராத்திரியில் ஓடவிடுங்கள்.

சரி, கருவி. ஐடா 1990-களிலிருந்து இந்தத் தொழிலின் அடையாளம், பெங்களூருக்கு இன்டர்வியூ போனால் பெயர் அடிபடும். ஆனால் இலவசப் பதிப்பு எக்ஸ்86 குடும்பப் பிராசஸர்களோடு நின்றுவிடுகிறது, டிகம்பைலரும் (பைனரியை சி மாதிரி கோடாக மாற்றித் தருவது) இன்டர்நெட் இருந்தால்தான். ரூட்டர்களில் இருப்பதோ மிப்ஸ், ஆர்ம் பிராசஸர்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் வெளியிட்ட கிட்ரா இவை எல்லாவற்றையும் இலவசமாக, ஆஃப்லைனில் டிகம்பைல் செய்கிறது. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் 'வெர்ஷன் டிராக்கிங்' உள்ளேயே இருக்கிறது. ஜாவா என்பதால் கனம், 4 ஜிபி ரேமில் முக்கும், ஆனால் ஓடும். டெர்மினலில் வாழ்பவருக்கு ரேடாரே2 பிடிக்கும். மற்றவர்கள் கிட்ராவோடு இருந்துவிடலாம்.

போலீஸ் வருமா என்று கேட்கும் அப்பாக்களுக்கு: நியாயமாக வாங்கிய புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்குக் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 இடம் தருகிறது. பக்கத்து வீட்டு ரூட்டருக்குள் அனுமதியின்றி நுழைந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-இல் வரும், கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-இலும். சொந்த ரூட்டரில் புதிதாக ஏதாவது அகப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது. 2021 முதல் சிவிஇ எண் (ஓட்டைகளுக்கு உலகளவில் தரப்படும் அடையாள எண்) தரும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. எந்தப் பதிப்பு, எந்த ஃபங்ஷன், எந்த உள்ளீடு என்ற மூன்றும் அந்த மெயிலில் இருக்க வேண்டும்.