சபை வாசல் பிளெக்ஸ் போர்ட்: ஒரு வருசம் வைச்சுப் பாத்திட்டுச் சொல்றன்

கிளிநொச்சிப் பக்கம் சபைக்கோ கோயிலுக்கோ வசன போர்ட் அடிக்க யோசிக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டு ஓடர் குடுங்கோ. கடைப் பேர் சொல்லேல்லை, டிசைன் செய்த தம்பி நல்ல பொடியன், பிழையில பாதி எங்கட.

எங்கட சபை பரந்தன் - முல்லைத்தீவு றோட்டுக் கரையில. 8க்கு 4 அடி போர்ட். என்ன வசனம் போடுறது எண்டதிலயே மூண்டு ஞாயிறு போச்சுது. ஒரு ஐயா சங்கீதம் 121தான் வேணும், பர்வதங்களுக்கு நேரா கண்ணை ஏறெடுக்கிறன் எண்டுறது, அதில ஒரே பிடியா நிண்டார், வன்னியில எங்க ஐயா பர்வதம், கூடினா இரணைமடுக் குளக்கட்டு எண்டு ஒரு தங்கச்சி கேட்டா, அதோட அது விழுந்திட்டுது. வாலிபர் ஆக்களுக்கு பகிடி வேணுமாம். கனடாவில இருக்கிற மாமி வட்ஸ்அப்பில அங்கத்தைய சேர்ச் போர்ட் படம் அனுப்புறவ, எழுத்தைக் கழட்டிக் கழட்டி மாத்துற போர்ட், கிழமைக்கொரு வரி. ஒண்டில சேர்ச் எண்ட சொல்லுக்கு நடுவில யூவும் ஆரும் இல்லாம விட்டிட்டு என்ன குறையுது எண்டு கேட்டிருக்கு. யூ ஆர், அதாவது நீதான் குறையுது. வடிவான யோசனைதான், ஆனா தமிழில ஒரு எழுத்தை எடுத்தா சொல்லே செத்துப்போயிடும், அவைக்கு 26 எழுத்து, எங்களுக்கு 247, அந்தப் பெட்டியைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும்.

கடைசியா மத்தேயு 11:28. 'வருத்தப்பட்டு பாரஞ்சுமக்கிறவர்களே' கறுப்பில, 'என்னிடத்தில் வாருங்கள்' சிவப்பில பெரிசா, இளைப்பாறுதல் வரி கீழ சின்னனா, அதுக்குக் கீழ பாஸ்டரின்ர போன் நம்பர். கத்தோலிக்க வேதாகமத்தில 'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே' எண்டிருக்கு, அது லேசா விளங்கும் எண்டு சிலர் சொல்லிச்சினம், எனக்கென்னவோ சின்னனில மனப்பாடம் பண்ணின பாரஞ்சுமக்கிறதுதான் வாயில நிக்குது.

சரி, கடைக்கதை. வட்ஸ்அப்பில யூனிகோட்டில அனுப்பினதை டிசைன் தம்பி பாமினி எண்ட பழைய பொன்டில போட, கொம்பும் காலும் ஒவ்வொரு பக்கம் ஓடிட்டுது. பிறகு கையால திருப்பி அடிச்சிருக்கிறார். அடிச்சதில 'இழைப்பாறுதல்'. புரூவை இரவு பத்து மணிக்கு போனில பாத்து ஓகே சொன்னது நான்தான், அந்தச் சின்ன ஸ்கிறீனில ளவும் ழவும் ஒண்டாத்தான் தெரிஞ்சுது. போர்ட் ஏறின பிறகு எங்கட மூப்பர் ஒருத்தர், அவர் தச்சுவேலை, நிண்டு வாசிச்சுப்போட்டு, இழைக்கிறதெண்டா சீவுளியாலதானே, இயேசுவும் தச்சன்தானே, விடுங்கோ தம்பி எண்டார்.

அதை விட்டிடலாம். வெயிலைத்தான் விடேலாது. பிளெக்ஸில சிவப்புதான் முதல் போகும் (மஜெந்தாவும் மஞ்சளும் கெதியா மங்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும், இதை ஆரும் முதல் சொல்லேல்லை). ஏழெட்டு மாசத்தில 'என்னிடத்தில் வாருங்கள்' வெள்ளையாப் போச்சுது. மிச்சம் நிண்டது 'வருத்தப்பட்டு பாரஞ்சுமக்கிறவர்களே', கீழ போன் நம்பர். பஸ்ஸில போறவன் பாத்தா ஏதோ லீசிங் கடன் விளம்பரம் மாதிரி. ஒரு ஆள் உண்மையிலயே எடுத்து வட்டி எவ்வளவு எண்டு பாஸ்டரைக் கேட்டவராம்.

சோளகக் காத்துக்கு ஒரு மூலை கிழிஞ்சுது. நடுவில பிறை மாதிரி நாலைஞ்சு இடத்தில வெட்டி விட்டா காத்து போகும், அதையும் கடையில சொல்லேல்லை, பக்கத்து வயல்கார அண்ணைதான் காட்டித்தந்தவர், வெட்டின இடம் 'பாரம்' எண்ட சொல்லுக்கு நடுவால போச்சுது.

இப்ப தகரத்தில எனாமல் பெயின்ட், கையால எழுதுற ஒரு அண்ணையிட்டக் குடுத்திருக்கு. கறுப்பு மட்டும். 'எல்லாரும் வாருங்கள்', ஆராதனை நேரம், முடிஞ்சுது. மோட்டர்சைக்கிளில போறவன் வாசிக்கிறதே நாலு சொல்லுத்தான், அதில வா எண்டுற சொல்லு தப்பினாக் காணும்.

பிளெக்ஸ், வசன போர்ட்டா 5 புள்ளிக்கு 2. பழையதை அம்மா ஆட்டுக்கொட்டில் கூரைக்குப் போட்டவ, இந்த மாரிக்கு ஒரு சொட்டு ஒழுகேல்லை, அதுக்கு 5க்கு 5.