சுன்டோ பிஎம்-5 கிளினோமீட்டர்: ட்ரெயில் போடக் கற்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி

மவுன்டன் பைக் ட்ரெயில் (மலையில் சைக்கிள் ஓட்டும் மண்பாதை) போடக் கற்க இறங்குபவர்கள் முதலில் மண்வெட்டி, கடப்பாரை, புலாஸ்கி, மெக்லியட் என்று வெட்டுகிற சாமான்களைத்தான் தேடுகிறார்கள். அதையெல்லாம் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். கையோடு சொந்தமாக இருக்க வேண்டியது சரிவை அளக்கும் கிளினோமீட்டர். ட்ரெயில் கெட்டுப்போவது பெரும்பாலும் வெட்டு சரியில்லாததால் அல்ல, அது சரிவில் போகும் கோடு சரியில்லாததால். ஏற்றம் கூடிப்போன இடத்தில் பிரேக் பிடிக்கும் சக்கரம் மண்ணைப் பெயர்க்கும், மழைத்தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை கூடை மண் கொட்டினாலும் அடுத்த மழைக்கு நிற்காது. கண்ணை நம்பிக் கோடு போட்டால் இதுதான் கதி. 6 சதவீதத்துக்கும் (100 மீட்டர் போவதற்குள் 6 மீட்டர் ஏறுவது) 12 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம், புதர் மண்டிய சரிவில் பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பின்லாந்தின் சுன்டோ நிறுவனம் செய்யும் பிஎம்-5, வனத்துறைக்காரர்களும் நில அளவையாளர்களும் பல காலமாகப் பயன்படுத்தி வருவது. அலுமினிய உடம்பு, ஏறக்குறைய 120 கிராம் எடை, உள்ளே திரவத்தில் மிதக்கும் அளவுச் சக்கரம். பேட்டரி, பட்டன் எதுவும் கிடையாது. திரவம் இருப்பதால் சக்கரம் ஆடிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். துல்லியம் கால் டிகிரி என்று நிறுவனம் சொல்கிறது. சதவீதக் கணக்கில் அது அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு, ட்ரெயில் வேலைக்கு தாராளம்.

வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். ட்ரெயிலுக்கு வேண்டியது பிஎம்-5/360 பிசி: இடப்பக்கம் டிகிரி, வலப்பக்கம் சதவீதம். 1520 என்ற எண்ணோடு வருவது 15, 20 மீட்டர் தள்ளி நின்று மரத்தின் உயரம் அளக்கிறவர்களுக்கானது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால் ஒவ்வொரு அளவுக்கும் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும்.

பயன்படுத்தும் முறை வினோதமாகத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இரண்டு கண்ணையும் திறந்தே வைக்க வேண்டும். ஒரு கண் கருவிக்குள் அளவுகோலைப் பார்க்கும், மற்றது எதிரே உள்ள ஆளைப் பார்க்கும். உள்ளே இருக்கும் கிடைக்கோடு வெளிக்காட்சியின் மேல் நீண்டு கிடப்பதுபோல் தெரியும். அந்தக் கோட்டை எதிராளியின் கண் மட்டத்தில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டியதுதான். பிடித்திருக்கும் கை மற்றக் கண்ணை மறைக்கக் கூடாது. சிலருக்கு இரு கண்ணின் பார்வைக்கோடும் லேசாக விலகியிருக்கும். அவர்களுக்கு இந்த முறையில் அளவு தப்பும். சோதிப்பது சுலபம்: இரு கண்ணும் திறந்து ஒரு அளவு எடுங்கள், பிறகு வெளியே பார்க்கும் கண்ணை மட்டும் மூடிப் பாருங்கள். எண் மாறாவிட்டால் கவலையில்லை. மாறினால் ஒரே கண்ணால், கருவியின் மேல்விளிம்பை ஒட்டிப் பார்த்து அளப்பதே சரி.

இந்தக் கருவியோடு வரும் பெரிய வம்பு இரண்டு அளவுகோலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. இடது பக்கத்து 10ஐப் படித்துவிட்டு 10 சதவீதம் என்று நினைத்து, ட்ரெயில் போகும் கோட்டைக் குறிக்கும் கொடியை நட்டால், உண்மையில் போட்டது 17.6 சதவீத ஏற்றம். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிட விலை உயர்ந்தது இல்லை. தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்த்தால் எந்தப் பக்கம் எண் வேகமாக ஏறுகிறதோ அதுதான் சதவீதம். 45 டிகிரிக்கு நேரே 100 நிற்கும்.

துணைக்கு ஒரு ஆள் வேண்டும். இருவர் உயரமும் ஒன்றாக இருக்காது என்பதால், முதலில் சமதரையில் எதிரெதிரே நின்று கருவியில் பூஜ்யத்தை வைத்துப் பாருங்கள். கோடு அவருடைய மூக்கிலோ மோவாயிலோ எங்கே விழுகிறதோ, அன்று முழுக்க அதுவே குறி. தனியாக வேலை செய்தால், கண் உயரத்தில் ரிப்பன் கட்டிய கம்பு ஒன்றை நட்டு வைத்துப் பார்க்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும். கருவியில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, ஒரே கண் உயரத்தில் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் அளக்க வேண்டும். மேல்நோக்கி 8, கீழ்நோக்கி 6 என்று வந்தால் உண்மைச் சரிவு 7, கருவி 1 கூட்டிக் காட்டுகிறது. இதில் திருகித் திருத்த வழியில்லை. கழித்துக்கொண்டு ஓட்டலாம், அல்லது மாற்ற வேண்டும்.

கோடு போடுவதில்தான் இதன் அருமை தெரியும். 1988இல் தொடங்கிய இம்பா என்ற சர்வதேச மவுன்டன் பைக் அமைப்பு பரப்பிய விதிகளில் இரண்டு: ட்ரெயிலின் ஏற்றம் அது குறுக்கே போகும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது, மொத்தச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் விதிக்கு, கொடி நடும் இடத்தில் நின்றபடி துணையாளைத் தண்ணீர் இறங்கும் திசையில் நேர் கீழே அனுப்பிச் சரிவை அளக்க வேண்டும். 14 சதவீதம் வந்தால் ட்ரெயில் 7ஐத் தாண்டலாகாது. தாண்டினால் தண்ணீர் ட்ரெயிலைக் குறுக்கே கடப்பதை விட்டு அதன் வழியாகவே ஓடும். சரிவு 6 சதவீதமே உள்ள தட்டையான இடத்தில் இந்த விதிப்படி 3 சதவீதம்தான் கிடைக்கும், அங்கே தண்ணீர் தேங்கிச் சேறாகும். அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதே மேல்.

பலர் கோட்டைவிடுவது நீளக் கணக்கில். கீழே ஓடைக் கடவு, மேலே மலைக்கணவாய், இடையில் 60 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் ஏறினால் 750 மீட்டர் போதும் என்று காகிதம் சொல்லும். ஆனால் தண்ணீரை அவ்வப்போது வெளியே தள்ள, ஏற்றத்தின் நடுவே சிறிது இறங்கி மறுபடி ஏறும் கிரேடு ரிவர்சல் வேண்டும். 15 மீட்டருக்கு ஒன்று வைத்தால், 12 மீட்டர் 8 சதவீதத்தில் 96 சென்டிமீட்டர் ஏறி, 3 மீட்டர் 4 சதவீதத்தில் 12 சென்டிமீட்டர் இறங்குகிறோம். கையில் நிற்பது 84 சென்டிமீட்டர், அதாவது சராசரி 5.6 சதவீதம். ஆக 60 மீட்டர் ஏற ஏறத்தாழ 1,070 மீட்டர் ட்ரெயில் தேவை. இதை முதலிலேயே சேர்க்காதவர்கள் கணவாய்க்குக் கீழே மாட்டிக்கொண்டு, கடைசி நூறு மீட்டரைச் செங்குத்தாக ஏற்றி முடிப்பார்கள். வருஷா வருஷம் பழுது பார்க்க வேண்டிவருவது அந்தத் துண்டுதான். ரிவர்சலின் இரண்டு முனையிலும் கிளினோமீட்டர் வைத்தே கொடி நடுங்கள். கண் மதிப்பில் நட்டவை பாதி வெறும் சமதரையாகத்தான் முடியும், தண்ணீர் அவற்றைச் சட்டை செய்யாது.

கொடி எதைக் குறிக்கிறது என்பதையும் குழுவில் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ட்ரெயிலின் வெளிவிளிம்பையா, நடுவையா? 1 மீட்டர் அகலத்துக்கு முழு பெஞ்ச், அதாவது முழுக்கச் சரிவுக்குள் குடைந்த தட்டையான தளம், வெட்டினால் வெளிவிளிம்பு பழைய தரைமட்டத்திலேயே இருக்கும், நடு கீழே இறங்கும். 20 சதவீதச் சரிவில் 10 சென்டிமீட்டர், 60 சதவீதச் சரிவில் 30 சென்டிமீட்டர். சரிவு 5 மீட்டருக்குள் இப்படி மாறுகிற இடத்தில் நடுவைக் கொடியாக வைத்து வெட்டினால், அளந்து போட்ட ஏற்றத்தில் 4 சதவீதம் பிசகிவிடும். வெளிவிளிம்பில் நட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இந்தக் கருவிக்கு ஆகாத வேலையும் உண்டு. தளத்துக்கு வெளிப்பக்கமாக 5 சதவீத வாட்டம் கொடுப்பதை இதில் அளக்க முடியாது, அவ்வளவு குட்டித் தூரத்தில் கண்ணால் குறி பார்க்க இடமில்லை. அதற்கு 60 சென்டிமீட்டர் ரசமட்டம் போதும்: குறுக்கே வைத்துக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தால், வெளிமுனைக்குக் கீழே 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மண் களியா மணலா, இலைமக்கு முழுக்க வழித்தாயிற்றா என்பதெல்லாம் கை பார்த்துச் சொல்ல வேண்டியவை. அடர்ந்த புதரில் எதிராளி தெரியாவிட்டால் 5 மீட்டராகத் துண்டு போட்டு அளப்பதைத் தவிர வழியில்லை, அங்கே வேலை ஊர்ந்துதான் நகரும்.

கைப்பேசிச் செயலி போதாதா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் உணரி மோசமில்லை. சிக்கல் குறி பார்ப்பதில்: திரையைத் தொட்டவுடன் கை அசையும், வெயிலில் எண் தெரியாது, மழைநீர் பட்ட விரலுக்குத் திரை கட்டுப்படாது. பெஞ்சின் மேல் ஒரு பலகையை வைத்து அதன்மேல் கைப்பேசியைக் கிடத்தி வாட்டம் பார்க்க மட்டும் அருமையாக உதவும். குழல் வழியாகப் பார்த்துக் குமிழை வைத்துச் சரிவு அளக்கும் பழைய அப்னி லெவலும் நல்ல கருவிதான், பிழையைத் திருத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் குமிழைச் சரிசெய்து படிப்பதால் நூறு கொடி நடும் நாளில் பொறுமை போய்விடும். திசைகாட்டியும் சேர்ந்த சுன்டோ டேன்டம் ட்ரெயில் வேலைக்குத் தேவையில்லாத செலவு.

பழையதாக வாங்கினால் முன்னே சொன்னபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் கடைவாசலிலேயே அளந்து பாருங்கள். கருவியை மெதுவாகச் சாய்த்தால் சக்கரம் எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நின்று நின்று வந்தாலோ, திரவம் கசிந்த அடையாளம் இருந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.