ஆடும் கேட் போஸ்ட்: ஆங்கர் போல்ட்டா, கெமிக்கலா, பட்டை போட்டு முடுக்குவதா?

பெங்களூரில் 30-க்கு 40 மனை வீடுகள் பலவற்றில் கேட் போஸ்ட்டைத் தரையில் புதைப்பதில்லை. காம்பவுண்டுச் சுவரின் நுனியில் ஹோல்ட்ஃபாஸ்ட் (சுவருக்குள் பதிக்கும் இரும்புப் பிடிப்பு) வைத்துப் பூசிவிடுகிறார்கள். அது ஆட ஆரம்பித்ததும் அதே குழியில் மறுபடி சிமெண்ட் திணிப்பது வழக்கம். பழைய கலவையில் புதுசு சரியாகப் பிடிக்காது, கலவை இறுகும்வரை கேட்டை அசைக்காமல் வைக்கவும் முடியாது. அதனால் அந்த வழியை இங்கே எடுத்துக்கொள்ளவே இல்லை.

போஸ்ட் மேல் எவ்வளவு இழுப்பு விழுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கேட் 60 கிலோ, அகலம் 4 அடி, கீல்களுக்கு இடையே 3 அடி என்றால் மேல் கீலில் 60×2÷3, அதாவது 40 கிலோ இழுப்பு. 30 கிலோ பையன் ஒருவன் நுனியில் தொங்கி ஆடினால் இன்னொரு 40 கிலோ சேரும். மூடியிருக்கும்போது இந்த இழுப்பு சுவரின் நீளவாக்கில் இருக்கும், உள்ளே திறந்தால் குறுக்குவாக்கில் திரும்பும். தினமும் இப்படித் திசை மாறி மாறி இழுப்பதுதான் போல்ட்டைத் தளர்த்துகிறது.

ஆங்கர் போல்ட்: விலை குறைவு, பத்து நிமிட வேலை. ஆனால் அது ஓட்டைக்குள் விரிந்து பக்கவாட்டில் அழுத்தித்தான் பிடிக்கிறது. சுவர் நுனியில் அந்த அழுத்தத்தைத் தாங்க ஆள் இல்லை. செங்கலும் பிளாக்கும் வெடிக்கும். முடுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் உள்ளே பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். கான்கிரீட் தூணுக்கு மட்டும் இது சரி.

கெமிக்கல் ஆங்கர்: ஓட்டையில் பசை நிரப்பி அதில் ராடை நிறுத்துவது. பக்கவாட்டு அழுத்தம் இல்லாததால் விளிம்புக்குப் பக்கத்திலும் ஓரளவு நிற்கும். 12 மி.மீ. ராடுக்கு 14 மி.மீ. ஓட்டை; ஆழம் பூச்சைக் கழித்து 110 மி.மீ. டிரில் செய்யும்போது வரும் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் என்றால் பிளாக் அல்லது கலவை. பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அதாவது நடுவில் வெற்றிடம் உள்ள பிளாக். அங்கே வலைச் சட்டை (ஓட்டைக்குள் செருகும் வலைக் குழாய்) இல்லாமல் பசை உள்ளே கொட்டிப் போய்விடும், அந்தச் சட்டைக்கு ஏற்ப ஓட்டையும் பெரிதாக வேண்டும். தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் தூசிதான். ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். டியூபில் முதலில் வரும் பசை ஒரே நிறமாகும்வரை வெளியே தள்ளிவிடுங்கள். ராடைச் சுற்றிக்கொண்டே நுழைத்து, டியூபில் அச்சிட்டிருக்கும் நேரம் முடியும்வரை தொடாதீர்கள். பிறகு அதன்மேல் வெல்டிங் வைக்கவே கூடாது, சூட்டில் பசை கெட்டுவிடும். பழைய கல் சுவரில் இது நன்றாகப் பிடிக்கலாம், ஆனால் கல்லுக்குக் கல் மாறும். ஒரு ஓட்டை போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. 50×6 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையை ‘ப’ வடிவில் வளைத்து, சுவர் நுனியைக் கவ்வுகிற மாதிரி மாட்டி, சுவரின் குறுக்கே துளைத்து இருபக்கமும் நட் போடுவது. கீலுக்கு ஒன்றாக இரண்டு பட்டை போதும். ‘ப’வின் ஒவ்வொரு கையும் 10 அங்குலம். போல்ட், சுவர் நுனியிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி, பிளாக்கின் நடுவில் வர வேண்டும், மூட்டில் வரக்கூடாது. பூச்சு ஒரே கனமாக இருக்காது என்பதால் சுவர் கனத்தை மூன்று இடத்தில் அளந்தபின் வெல்டரிடம் சொல்லுங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் போஸ்ட்டில் பட்டையைப் புள்ளி வெல்டிங் வைத்து, கழற்றி முழுசாக வெல்ட் செய்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து மாட்டவும். 12 மி.மீ. த்ரெட் ராடு ஒரு மீட்டர் வாங்கினால் 6 அங்குலச் சுவருக்கு நான்கு துண்டு கிடைக்கும், எஸ்.பி. ரோட்டுக் கடைத்தெருவில் வாஷர், நட்டோடு ஒரே கடையில் வாங்கிவிடலாம். ஹாலோ பிளாக் என்றால் 22 மி.மீ. ஓட்டை போட்டு, அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் சுவர் கனத்துக்கு வெட்டி உள்ளே செருகுங்கள். இல்லாவிட்டால் முடுக்க முடுக்க பிளாக் நொறுங்கும்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் பராமரிப்பு. எந்தப் பிடிமானமும் நாளடைவில் கொஞ்சம் தளரும்: பட்டைக்கு அடியில் பூச்சு அமுங்கும், கேட் அறையும். ஆங்கர் தளர்ந்தால் அந்த ஓட்டையே வீண். கெமிக்கல் விட்டுப்போனால் வேறு இடத்தில் துளைக்க வேண்டும், ஆனால் சுவர் நுனியில் வேறு இடமே இருக்காது. இதிலோ மே மாதம் மழைக்கு முன்னால் 19 நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்று முடுக்கினால் பழையபடி இறுகிவிடும். துரு பிடித்த ராடைத் தட்டி வெளியே எடுத்து அதே ஓட்டையில் புதுசு போடலாம். குறை என்றால், நட் இரண்டு பக்கமும் வெளியே தெரியும். பொதுச் சுவராக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் துளைக்க வேண்டும்.

எதைச் செய்வதற்கு முன்னாலும், ஒருவரைக் கேட் நுனியைத் தூக்கி இறக்கச் சொல்லி, போஸ்ட்டும் சுவரும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். போஸ்ட் மட்டும் நகர்ந்தால் மேலே சொன்னது பொருந்தும். சுவரும் சேர்ந்து நகர்ந்தால் எந்த போல்ட்டும் பிரயோஜனமில்லை. சுவரை ஒட்டி ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி எடுத்து, 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில் போஸ்ட்டைத் தனியாக நிறுத்த வேண்டியதுதான்.