கேனரிடோக்கன்ஸ்: ஏடபிள்யூஎஸ் போலிச் சாவியை நம்பலாமா?

வலைத்தளம் கட்டும் ரியாக்ட் மென்பொருளின் சேர்வர் பகுதியில், ரியாக்ட்டுஷெல் என்று பெயர் வாங்கிய சிவிஈ-2025-55182 பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது 2025 டிசம்பர் 3 அன்று. டித்வா புயல் இலங்கை மலையகத்தைப் புரட்டிப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் பல ஊர்களில் கரண்ட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. எல்ல ஹோம்ஸ்டேயின் முன்பதிவுத் தளமோ தலவாக்கலைத் தேயிலை விற்கும் தளமோ, சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேர்வரில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியவர் இருட்டில். லொகின் எதுவும் தேவையில்லை, ஒரேயொரு எச்டிடிபி கோரிக்கை போதும், சேர்வரில் நினைத்த கட்டளையை ஓட்டலாம். சில மணி நேரத்தில் தாக்குதல் தொடங்கிவிட்டது. உள்ளே வந்தவர்கள், ரகசியங்கள் எழுதி வைக்கும் டாட் என்வ் கோப்பையும், அமேசான் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸைத் திறக்கும் சாவிகளையும் தேடினார்கள்.

பெட்ச் போட்டால் ஓட்டை அடையும். ஆனால் போன சாவி போனதுதான், போனதா என்பதையும் பெட்ச் சொல்லாது. அதைச் சொல்ல வைக்கும் இலவசச் சேவைதான் தென்னாப்பிரிக்காவின் திங்க்ஸ்ட் நிறுவனம் நடத்தும் கேனரிடோக்கன்ஸ். தளத்தில் ஏடபிள்யூஎஸ் கீஸ் வகையைத் தேர்ந்து, மின்னஞ்சலும் ஒரு குறிப்பும் கொடுத்தால் சாவி ஜோடி ஒன்று கிடைக்கும். பார்க்க அசல், அதிகாரம் பூச்சியம். யாராவது பயன்படுத்தினால் அவருடைய ஐபி முகவரி, நேரம், எந்தக் கருவி என்ற விவரம் உங்களுக்கு வரும். குறிப்பில் 'டெஸ்ட்' என்று எழுதி வைக்காதீர்கள். எந்தச் சேர்வர், எந்தக் கோப்பு என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எச்சரிக்கை வந்தால் அந்த ஒரு வரிதான் வழிகாட்டும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். போலிச் சாவியை ஏடபிள்யூஎஸ் அக்சஸ் கீ ஐடி என்ற வழக்கமான பெயரிலேயே என்வ் கோப்பில் போட்டால், ஏடபிள்யூஎஸ்ஸோடு பேசும் எஸ்டிகே நூலகம் அப்படிப்பட்ட சூழல் மாறிகளைத்தான் முதலில் பார்க்கும். சேர்வருக்கே கொடுத்த அனுமதியான இன்ஸ்டன்ஸ் ரோலை விட்டுவிட்டுப் போலியை எடுக்கும். எஸ்3 கோப்புக் கிடங்குக்கான பதிவேற்றம் நின்றுபோகும், பொய் எச்சரிக்கையும் வந்து குவியும். பெயருக்கு முன்னால் 'பெக்கப்' என்று சேர்த்தால் தீர்ந்தது. ஏடபிள்யூஎஸ் சாவிகள் இருக்கும் கிரெடென்ஷியல்ஸ் கோப்பிலும் டிஃபோல்ட் பகுதியைத் தொடாமல் புது ப்ரொஃபைலாகப் போடுங்கள். கிட் நிரல் களஞ்சியத்தில் ஏற்றவே வேண்டாம், சாவி தேடும் ஸ்கேனர்கள் தட்டிக்கொண்டே இருக்கும். வைத்த பிறகு அந்த ப்ரொஃபைலில் 'இந்தச் சாவி யாருடையது' என்று கேட்கும் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி கட்டளையை ஒரு தடவை ஓட்டிச் சோதியுங்கள். செய்தி உடனே வராது, சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

மின்னஞ்சலை மட்டும் நம்பக் கூடாது. செய்தியை வேறு செயலிக்குத் தள்ளும் வெப்ஹூக் முகவரியும் கொடுக்கலாம்; ஸ்லெக் அல்லது டிஸ்கோர்ட் குழு ஒன்றில் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். மண்சரிவில் ஃபைபர் அறுந்தால் ஹட்டனில் இருப்பவருக்கு எந்தச் செய்தியும் வராது.

குறை இருக்கிறது. அக்சஸ் கீ ஐடிக்குள்ளேயே கணக்கு எண் பொதிந்திருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸைத் தொடாமலே அதைப் பிரித்தெடுத்து, தெரிந்த கேனரிடோக்கன்ஸ் கணக்குகளோடு ஒப்பிடலாம். சாவி தேடும் ட்ரஃபிள்ஹொக் கருவி அப்படித்தான் சத்தமில்லாமல் கண்டுபிடிக்கிறது. விவரம் தெரிந்த திருடன் மாட்டமாட்டான். கிடைத்த சாவியை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்க்கும் தானியங்கிக் கூட்டம்தான் மாட்டும். சிறிய தளங்களுக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கூட்டமே.

இன்னொன்று: சேர்வர் தன் ரோலுக்கான சாவியைக் கேட்டு வாங்கும் 169.254.169.254 மெட்டாடேட்டா முகவரியிலிருந்து திருடன் தற்காலிகச் சாவியை எடுத்தால் இந்தப் போலிக்கு எதுவும் தெரியாது. அந்த முகவரிச் சேவையான ஐஎம்டிஎஸ்ஸின் இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்குவது, சேர்வரை ஏமாற்றி உள் முகவரிகளைக் கேட்க வைக்கும் எஸ்எஸ்ஆர்எஃப் தாக்குதலுக்கு நல்ல மருந்து. சேர்வருக்குள்ளேயே கட்டளை ஓட்டுபவனுக்கோ அந்தப் பதிப்பு கேட்கும் டோக்கனை வாங்குவது பெரிய வேலையில்லை. ரோலுக்குத் தேவையான எஸ்3 பக்கெட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

எச்சரிக்கை வந்தால், தளம் நின்றாலும் பரவாயில்லை, அசல் சாவியை ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதிப் பகுதியான ஐஏஎம்மில் உடனே இனெக்டிவ் ஆக்குங்கள். ரோல் இருந்தால் ரிவோக் செஷன்ஸ் கொடுத்து, ஏற்கெனவே வாங்கிய தற்காலிகச் சாவிகளைச் செல்லாமல் ஆக்குங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதே என்வ் கோப்பில்தானே, அதையும் மாற்றுங்கள். பிறகு நடந்ததைப் பதியும் கிளவுட்ட்ரெயிலில் கிரியேட்யூசர் (புதுப் பயனர்), ரன்இன்ஸ்டன்ஸஸ் (புது மெஷின்) இரண்டையும் எல்லா ரீஜியன்களிலும் தேடுங்கள். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ரீஜியனில் கிரிப்டோ தோண்டும் பெரிய மெஷின் ஓடினால் பில் டொலரில் வரும்.