இருபது நிமிடமா, மூன்று மணி நேரமா?

மருத்துவ ஓவியர் மாநாட்டுக்கு முன்மொழிவு அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மேசைமீது இரண்டு வரைவுகள் கிடக்கின்றன. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கறுத்த தோலில் நோய்க்குறியை எப்படி வரைவது? ஒன்று இருபது நிமிட உரை, இன்னொன்று மூன்று மணி நேரப் பயிலரங்கு. இரண்டையும் அனுப்பிவிட்டால் தேர்வுக் குழுவே முடிவு செய்யட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சோம்பேறித்தனம் என்று பிறகு பட்டது.

பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் மருத்துவக் கல்லூரி நிறவெறி ஆட்சியில், 1950களின் தொடக்கத்தில், வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்று திறக்கப்பட்டது. அங்கே படித்த என் சித்தப்பா சொல்வார்: “புத்தகத்தில் தடிப்பு ரோஜா நிறம். வார்டில் அப்படி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.” கறுத்த தோலில் அதே தடிப்பு ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியும். சில சமயம் நிறமே மாறாமல் வீக்கமும் மினுக்கமும் மட்டும் இருக்கும். மஞ்சள் காமாலையை வெண்விழியில் தேட வேண்டும். நீலம் பாய்ந்திருப்பதை உதட்டிலும் வாயின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். சோகையின் வெளிறலைக் கீழ் இமையின் உட்புறமும் உள்ளங்கையும் காட்டிக்கொடுக்கும்.

மேலே சொன்ன அத்தனையையும் ஆறே படங்களில், இருபது நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். உரையின் பலம் அதுதான். அதோடு, ஒரு படம் மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். நைஜீரியரான சிடியேபெரே இபே வரைந்த, கருப்பையில் இருக்கும் கறுப்புச் சிசுவின் படம் உலகத்தையே சுற்றி வந்தது. இப்படி ஒரு படத்தை இதுவரை பார்த்ததே இல்லையே என்று பலர் திடுக்கிட்டார்கள். அதற்காக அவர்களில் யாரும் தூரிகை பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் திடுக்கிட்டவர் மறுநாள் மேசைக்குத் திரும்பி என்ன செய்வார்? பழைய வெள்ளைத் தோல் படத்தை எடுத்து அதன்மேல் பழுப்பைப் பூசுவார், நிழலுக்குக் கொஞ்சம் கறுப்பைச் சேர்ப்பார். நானும் செய்திருக்கிறேன். கறுப்பைச் சேர்த்தவுடன் தோல் செத்துவிடும், கரி தடவிய பலகைபோல் ஆகிவிடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் அல்ட்ராமரீன் என்ற அடர் நீலத்தையும் கலந்து நிழலை எழுப்ப வேண்டும், நெற்றியின் ஒளியில் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் விட வேண்டும், உள்ளங்கைக்கு மாறும் இடத்தில் விளிம்பைக் கரைக்க வேண்டும். இதை மேடையில் சொன்னால் தலையாட்டுவார்கள். கை தானாக நான்கு முறை தவறு செய்தால்தான் பிடிபடும். மருத்துவ ஓவியர் மாக்ஸ் பிரோடல் 1911இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஓவியத்துக்கென்று தனித் துறை தொடங்கி, தன் கரித்தூள் நுட்பத்தை மாணவர்களுக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்தார். பயிலரங்கின் பக்கம் பேச இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பிறகு ஏன் தயங்குகிறேன்? பட்ட அனுபவம்தான். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாநாட்டில் தொண்ணூறு நிமிடப் பயிலரங்கு நடத்தினேன். இருபது பேர் என்று கேட்டிருந்தேன், நாற்பது பேரை அனுப்பினார்கள். பாதிப் பேரிடம் ஐபேடும் புரோகிரியேட் என்ற வரையும் செயலியும், மீதிப் பேரிடம் மடிக்கணினியும் போட்டோஷாப்பும். நான் கொடுத்த தூரிகைக் கோப்பைத் திறக்க வைப்பதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் யாரும் ஒரு கையைக்கூட வரைந்து முடிக்கவில்லை. பின்னூட்டத் தாளில் ஒருவர் “சுவையான அறிமுகம்” என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது.

ஆகவே பயிலரங்கு முன்மொழிவில் மூன்று விஷயங்களைக் கறாராக எழுத வேண்டும்: எத்தனை பேர், எந்தக் கருவி, எந்த நிமிடத்தில் எந்த வேலை. உரைக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒரு வாதம் தெளிவாக இருந்தால் போதும். கற்றல் நோக்கம் என்ற கட்டம் மட்டும் இரண்டுக்கும் உண்டு. அங்கே “தோல் வேறுபாட்டின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்” என்று எழுதினால் குழு கொட்டாவி விடும். “ஒரே தடிப்பைக் கறுப்பு நிறம் சேர்க்காமல் மூன்று தோல்களில் வரைந்து முடிப்பார்கள்” என்று எழுதலாம், ஆனால் பயிலரங்குக்குத்தான் அப்படி எழுத முடியும். உரையில் அது பொய்யாகிவிடும்.

தோல் நிறங்களை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியும் வரும். 1975இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவுகோலைக் காட்டுவது வழக்கம். அது வெயிலில் தோல் எப்படிப் பொசுங்குகிறது என்பதற்காகப் பிறந்தது, கறுத்த தோலின் வகைகள் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை. ஓவியருக்கு அது வண்ணத் தட்டு ஆகாது. உரையில் இதற்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் ஒரு நல்ல சண்டை கிளம்பும். பயிலரங்கில் இதைப் பேசினால் நேரம் வீண்.

நான் எதிர்பார்க்காத ஒரு வேறுபாடு ஒப்புதலில் இருக்கிறது. நோயாளியின் படத்தைத் திரையில் காட்டிவிட்டு அணைத்துவிடலாம். பயிலரங்கிலோ அதே படத்தை ஒவ்வொருவரும் பார்த்து வரைய வேண்டும், கோப்பு அவரோடு வீட்டுக்குப் போய்விடும். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்திருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடல்நலத் தகவல் தனிக் கவனம் பெற வேண்டிய வகை. மேடையில் காட்டலாம் என்று மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தால் அது இங்கே செல்லாது. ஆகவே என் பயிலரங்கு வரைவில் நோயாளியே கிடையாது. அத்தையின் முன்கை, தம்பியின் கழுத்து, என் உள்ளங்கை. எல்லாம் நோயில்லாத தோல், நோயை நாங்கள்தான் வரைவோம். அத்தை சம்மதித்துவிட்டார், வளையல்களைக் கழற்ற மாட்டேன் என்ற ஒரே நிபந்தனையோடு.

பணக் கணக்கு சுருக்கமானது. எங்கள் நாட்டுப் பணமான ராண்டில் சம்பாதித்து டாலரில் டிக்கெட் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே வலிதான். பல மாநாடுகளில் பயிலரங்குக்குத் தனிக் கட்டணம் உண்டு, போதுமான பேர் சேராவிட்டால் ரத்து. டர்பனிலிருந்து வரும் அறிமுகமில்லாத பெயரை நம்பி எத்தனை பேர் பணம் கட்டுவார்கள்? இணையம் வழி என்றால் ஜூலையில் நியூயார்க்கின் பிற்பகல் இரண்டு மணி எங்களுக்கு இரவு எட்டு, உரைக்குத் தோதான நேரம். பயிலரங்குக்கு அது உதவாது. ஒருவரின் கை எங்கே தடுமாறுகிறது என்று திரையில் எனக்குத் தெரியாது.

இந்த ஆண்டு உரையை அனுப்புகிறேன். அதன் நடுவில் நான்கு நிமிடம் ஒதுக்கி, வருகிற எல்லோருக்கும் ஒரு தாளும் ஒரு பழுப்புப் பென்சிலும் கொடுத்து, கட்டை விரலின் நிழலை மட்டும் வரையச் சொல்லப்போகிறேன். பயிலரங்கை முதலில் இங்கேயே, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், பன்னிரண்டு பேரோடு நடத்திப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் காகிதமும் நீர்வண்ணமும்தான், ஐபேடு யாரும் கொண்டுவரக் கூடாது.